நான் உதிர்த்த பதினான்கு இதழ்கள்

மாட்டுக் கொம்புக்குச் சாயம் அடித்துத்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். வேலந்தாவளம் சந்தைக்கு விற்க வரும் மாடுகளை ஓரமாகக் கட்டி, கொம்பைக் கண்ணாடித் துண்டால் சீவி, எண்ணெய் தடவி, சிவப்போ நீலமோ அடித்து நிறுத்துவோம். கொம்பில் வெடிப்பு இருந்தால் மெழுகையும் சாம்பலையும் குழைத்து அப்பிவிட்டு, அதன் மேல் ஒரு மஞ்சள் வளையம் போடுவேன். வாங்க வருகிறவர் கண்ணுக்கு வளையம்தான் தெரியும். வளையம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெடிப்பு இருக்கும் என்று தெரிந்த வியாபாரிகளும் உண்டு. அவர்கள் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஹெட்மாஸ்டர் குடையில் வெள்ளைச் சாயத்தால் ‘விற்பனைக்கு’ என்று எழுதிவிட்டேன். அவர் அதை விரித்துப் பிடித்தபடி சந்தைக்கு நடுவே நடந்து போனார். இரண்டு பேர் விலையும் கேட்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நான் தேவைப்படவில்லை.

எங்கள் ஊர் மெட்ராஸ் மாநிலத்திலிருந்து கேரளாவுக்குப் போன மறு வருஷம், ஒரு பெயிண்டிங் மேஸ்திரி என்னை மலைக்குக் கூட்டிப் போனார். சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். தேயிலைப் பெட்டிகளின் மேல் வெட்டிய தகட்டை வைத்து எழுத்து அடிப்பது, பங்களாவின் கதவு ஜன்னல்களுக்குப் பச்சை அடிப்பது, பெயர்ப் பலகை எழுதுவது எல்லாம் என் வேலை. பங்களா கேட்டில் பெயர் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தின் வாலையும் மேலே சுழித்து ஒரு கொக்கி போட்டேன். அது என் கை. எங்கே எழுதினாலும் அந்தக் கொக்கி தானாக விழும்.

தங்க இடம் கொடுத்தவர் பங்களாவின் சமையல்காரர். எல்லோரும் பட்லர் என்பார்கள். நான் அண்ணா என்பேன். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசைக் குடியிருப்புக்கு அங்கே லயம் என்று பேர். அதில் கடைசி வீடு அவருடையது. அவருடையது என்று சொல்வது பேச்சுக்குத்தான். வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் ஒரு வாரம். அவருடைய அப்பாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வந்தாராம். அண்ணன் பிறந்தது அந்த லயத்தில். வேறு ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணி கொழுந்து எடுக்கப் போவார், ஆனால் பேரேட்டில் தற்காலிகப் பேர்தான். வீடு அண்ணனின் வேலையோடு சேர்ந்தது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதே கேலியை ஆரம்பித்துவிட்டார்கள்.

“கொஞ்சமாப் போடுங்க அண்ணி. போதுமுங்க. போதுமுங்கறனுங்க.”

“ஏட்டி, இவன் பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘ங்க’ போடுதான் பாரு,” என்றார் அண்ணன். “இத்தனையும் எடை போட்டா ஒரு கூடைக் கொழுந்து தேறும்.”

“நீங்க போடற ‘லே’யை எடை போட்டா லாரி தாங்காதுங்கண்ணா.”

அண்ணி சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த சாம்பார் என் வேட்டியில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு அது என் வீடு போலத்தான்.

தை மாதத்தில் பங்களாத் தோட்டத்தின் பீச் மரம் ஓர் இலைகூட இல்லாமல் பூத்து நின்றது. நான் சாப்பாட்டு அறை ஜன்னலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுவரில் ஒரு நீளப் படம் தொங்கியது. பட்டுத் துணியில் ஒட்டிய காகிதம். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை. ஓரத்தில் கறுப்பு மையில் ஒரு கிளை. கிளையில் வெளிர் சிவப்பில் ஐந்தாறு பூக்கள். மூன்று இதழ்கள் உதிர்ந்து கீழே வந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான். மீதிக் காகிதம் முழுவதும் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஒரு வண்டிப் பலகையில் இத்தனை இடத்தைச் சும்மா விட்டால், வண்டிக்காரர் பாதியில் எங்கே ஓடிப்போனாய் என்று கேட்பார்.

எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் எஸ்டேட்டில் கற்ற தமிழ் பேசுவார். எஸ்டேட்டில் யாரும் அவருக்கு மரியாதை விகுதியைக் கற்றுக்கொடுக்கவில்லை.

“என்ன பாக்குற?”

“மீதிய எப்பங்கம்மா வரைவாங்க?”

“மீதி இல்ல. முடிஞ்சது.”

“இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே.”

“சும்மா இல்ல. அது காத்து.”

அவர் ஜப்பானில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா அங்கே வியாபாரம் செய்தாராம். சண்டையில் அந்த ஊர் எரிந்தபோது அவர்கள் வீடும் எரிந்தது. அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்ட அவருடைய அம்மாவின் கையில் இந்தப் படம் மட்டும் வந்தது. படத்தின் கீழ் ஓரத்தில் டீ சிந்தினாற்போல் ஒரு பழுப்புக் கறை இருந்தது.

“இத எடுத்துரலாமுங்கம்மா. ரொட்டித் துண்டும் சாக்பீசும் இருந்தாப் போதுமுங்க.”

“தொடாத. கப்பல்ல பட்ட தண்ணி. அதுவும் படம்தான்.”

சொல்லிவிட்டு அந்தக் கறையின் மேல் விரலை வைத்தார். காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் வைத்தார். அதை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன்.

அந்த நாட்டில் ஒரு படத்தை வருஷம் முழுக்கச் சுவரில் மாட்டி வைக்க மாட்டார்களாம். வெளியே அந்தப் பூ பூக்கும்போது மாட்டி, உதிர்ந்ததும் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்களாம்.

“தெனம் பாத்தா கண்ணு செத்துடும்,” என்றார். “பூ விழும். விழறதால அழகு. விழாத பூ, காகிதப் பூ. அங்க எல்லாரும் மரத்துக்குக் கீழ ஒக்காந்து அதப் பாப்பாங்க.”

“விழறதயா?”

“ஆமா.”

“வேலைக்குப் போக மாட்டாங்களாங்கம்மா?”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியதாகும்.

அன்று சாயங்காலம் லயத்தின் முன்னால் நான்தான் துரைசாணி. அண்ணியின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, “கறையும் படம்தான், குப்பையும் படம்தான், ஒக்காந்து பாரு,” என்று நடந்து காட்டினேன். அண்ணனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஜப்பான் சாமான் ரெண்டு நாள் தாங்காதுன்னு எல்லாவனும் திட்டுதான்,” என்றார். “இந்தம்மா என்னடான்னா தாங்காததுதான் அழகுங்கு.”

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தவர். சண்டையில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் ரயில் பாதை போட வைத்த கூட்டத்தில் ஒருவர்.

“எனக்கும் உதுத்துக் காட்டினானுவ,” என்றார். “எங்கூடப் போனதுல முக்காவாசி உதுந்துச்சி. ஒக்காந்து பாக்கத்தான் நேரமில்ல.”

பீடியை மண்ணில் அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் பேசியபோது அவிழ்த்த தலைத் துண்டை நான் மறுபடியும் கட்டிக்கொண்டேன்.

பத்து நாளில் பீச் பூ முடிந்தது. துரைசாணி படத்தைச் சுருட்டி, அதற்கென்றே இருந்த மரப்பெட்டியில் வைத்து, “மழை படாம வை,” என்று அண்ணனிடம் கொடுத்தார். முன்பெல்லாம் அந்தப் பெட்டி பங்களாச் சமையலறை அடுப்புக்கு மேல் பலகையில் இருக்குமாம். அந்த வருஷம் புகைபோக்கி வெடித்துக் கரி கொட்டியது. படம் கறுத்துவிடுமே என்று அண்ணனுக்குப் பயம். பெட்டியை உள் அலமாரிக்கு மாற்றினார். அதோடு விட்டிருக்கலாம். அவர் எதையும் அதோடு விடுகிற ஆள் இல்லை.

மழையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து கால் வரை ஒரு முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். தார் ஏற்றியது, சொட்டு இறங்காது. படங்கு என்பார்கள். அண்ணிக்குப் புதிதாக வாங்கிய படங்கை எடுத்து, அந்தச் சுருளை மூன்று சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் வைத்தார் அண்ணன்.

“எனக்கு வாங்குனது காகிதத்துக்கா?” என்றார் அண்ணி.

“நீ நனஞ்சா காயுவே. அது நனஞ்சா போச்சில்லா.”

“நல்லாருக்கு நியாயம்.”

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அண்ணி கிழிந்த பழைய படங்கோடு மழையில் நின்றார். அந்த மழையைக் கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. தீப்பெட்டி பற்றாது. உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர் இருக்கும். செருப்பைக் கழற்றி வைத்தால் மறு வாரம் அதில் பச்சை முளைத்திருக்கும். ஆனால் பெட்டி மேல் ஒரு சொட்டு விழவில்லை. அண்ணன் அதில் பெருமையாகவே இருந்தார்.

மறு தையில் பீச் மரம் மொட்டு வைத்தது. துரையும் துரைசாணியும் மூன்று நாள் கொச்சிக்குப் போயிருந்தார்கள். வந்ததும் படத்தை மாட்ட வேண்டும், எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலை பத்து மணி இருக்கும், அண்ணன் என்னைப் பங்களாவுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் போனபோது படம் சாப்பாட்டு மேஜையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் படங்கு. அறை முழுக்க ஊறிப்போன சாக்கின் வாடை.

வெளி மழையைப் படங்கு உள்ளே விடவில்லை. உள்ளே இருந்த ஈரத்தையும் அது வெளியே விடவில்லை.

கிளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூக்களுக்கும் ஆகவில்லை. துரைசாணி காற்று என்று சொன்ன இடத்தில் மட்டும் பழுப்பாகப் புள்ளிகள், சுண்டைக்காய் அளவில். மேலே லேசான பச்சைப் பூஞ்சை.

“எண்ணுலே,” என்றார் அண்ணன். “நான் எண்ணுனா ஒவ்வொரு வாட்டியும் கூடுது.”

பதினான்கு.

அண்ணி தோட்டத்திலிருந்து கூடையோடு ஓடி வந்தார். மேஜையைப் பார்த்தார். படங்கைப் பார்த்தார்.

“அப்படியே காட்டிருங்க,” என்றார். “அந்தம்மாதான் கறையும் படம்னு சொல்லுச்சே. படங்குல சுத்துனேன், தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிருங்க. எம் புதுப் படங்குன்னும் சொல்லுங்க.”

“சொல்லலாம்ட்டி. கப்பல்ல பட்ட கறை வேற. பட்லர் கையில பட்ட கறை வேற. அது அவுக கறை. இது நம்ம கறை.”

“கேட்டுப் பாக்காமலே எப்படிச் சொல்லுதீக?”

“முந்துன பட்லரு எதுக்குப் போனாரு? ஒரு பீங்கான் மூடி. மூடிட்டி. பாத்திரங்கூட இல்ல.”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தக் கறை மேல் துரைசாணி விரல் வைத்ததைப் பார்த்தவன் நான். லயத்தில் நான் நடித்துக் காட்டியதில் அந்த விரல் இல்லை. சிரிப்பு வராது என்று அதை விட்டுவிட்டேன். அதனால் அண்ணனுக்குத் தெரிந்த துரைசாணி நான் துண்டு கட்டிக் காட்டிய துரைசாணிதான். அவளை நம்பி யார் உண்மையைச் சொல்வார்கள்?

நான் சொல்லவில்லை. எனக்குக் கை அரித்தது. ஒரு வருஷமாக அந்த வெற்றிடம் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது அதில் பதினான்கு இடத்தில் அடையாளம் வேறு வைத்திருக்கிறது.

“அண்ணா, இதுக்குப் போயிக் கவலப்படறீங்களா? மூணு எதழு பதினேழு எதழு ஆகுதுங்க, அவ்வளவுதானுங்க. காத்துக் கொஞ்சம் பலமா அடிச்சுதுன்னு வெச்சுக்கோங்க.”

“வேண்டாம் தம்பி,” என்றார் அண்ணி. “பூஞ்சைன்னா மழை மேல பழி போகும். இது ஆரு மேல போகும்?”

“நான் அடிச்ச கொம்பப் பாத்தா மாட்டுக்கே அதோட வயசு மறந்துருமுங்க அண்ணி. தொரைசாணிக்கா தெரியப்போகுது?”

அண்ணன் சிரித்துவிட்டார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவாகிவிட்டது. அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். போகும்போது படங்கையும் எடுத்துக்கொண்டார்.

ரொட்டித் துண்டால் பூஞ்சையை ஒற்றி எடுத்தேன். வெள்ளைத் தூளைப் பிசினில் குழைத்து, ஆபீஸிலிருந்து வாங்கிய சிவப்பு மையில் ஒரு சொட்டு விட்டேன். முதலில் செய்தித்தாளில் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இதழ். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து, ஒன்று பக்கவாட்டில். கொம்பும் கதவும் பலகையும் தவிர வேறு எதிலும் தூரிகை வைக்காதவன் நான். அன்று என் கை எனக்கே புதிதாக இருந்தது. சாயங்காலம் முடித்தபோது அண்ணன் தள்ளி நின்று பார்த்து, “ஏலே, முந்தி இருந்ததவிட இப்பத்தாம்லே படம் மாதிரி இருக்கு,” என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

நான்காம் நாள் படத்தை மாட்டினோம். நான் ஏணியில் நின்றேன். அண்ணன் கீழ்க்கட்டையைப் பிடித்தபடி மெல்ல அவிழ்த்து விட்டார். துரைசாணி எதிரே நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிடிபடுவோம் என்ற பயச் சிரிப்பு இல்லை. பாராட்டு வரப்போகிறது என்ற சிரிப்பு.

அவர் கிட்டே வந்தார். தள்ளிப் போனார். மறுபடியும் கிட்டே வந்து ஓர் இதழை நகத்தால் மெல்லச் சுரண்டினார். வெள்ளை பொடியாக உதிர்ந்தது. அடியில் பழுப்பு.

“யாரு?”

என் கையில் சுத்தியல் இருந்தது. வாயில் இரண்டு ஆணி இருந்தன. ஆணியை எடுத்துவிட்டுப் பேச எவ்வளவு நேரமாகும்? அந்த நேரத்துக்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

“நாந்தாம்மா.”

துரைசாணி அவரைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார். ஏணியின் மேலே பார்க்கவில்லை.

“மழையா?”

“ஆமாம்மா. படங்குல சுத்தி வச்சேன். ஈரம் உள்ளயே நின்னுட்டு.”

“ஏன் சொல்லல?”

அண்ணன் பிடித்திருந்த கீழ்க்கட்டையைச் சுவரோடு நேராக்கினார்.

“இப்ப காத்து இல்ல,” என்றார் துரைசாணி. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் துரை வந்தார். அவர் பரீட்சை எழுதித் தமிழ் பாஸ் செய்தவர், நன்றாகவே பேசுவார். கத்தவில்லை. “பூஞ்சை மழையோட தப்பு. அதுக்கு நான் ஒன்னத் திட்டியிருப்பேன், அவ்வளவுதான். மறைச்சது ஒன் தப்பு. பொய் சொல்ற ஆள் என் வீட்டுல வேணாம்,” என்றார். கணக்கை ஆபீஸில் முடித்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு ஒரு வாரம்.

அண்ணி சங்கத்து ஆளிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் நல்லவர்தான், உட்காரச் சொன்னார். கொழுந்து எடுக்கிறவர், கவாத்து வெட்டுகிறவர், ஃபேக்டரி ஆள் எல்லோருக்கும் சங்கம் உண்டு, பங்களா வேலைக்காரர்கள் அதில் வர மாட்டார்கள் என்றார்.

“அப்ப நாங்க ஆரு?” என்றார் அண்ணி.

“அதத்தாம்மா நாங்களும் பேசிக்கிட்டிருக்கோம்,” என்றார் அவர்.

மூன்றாம் நாள் நான் பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பீச் மரம் முழுக்கப் பூத்திருந்தது. துரைசாணி அதன் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, அத வரஞ்சது நானுங்க. அண்ணனில்லீங்க.”

“தெரியும்.”

“தெரியுமுங்களா?”

“கேட்டுல எழுத்து பாத்தேன். எதழு நுனியில அதே கொக்கி, அதே கை.” கொஞ்சம் நிறுத்தி, “நல்ல கை,” என்றார்.

அந்தப் பாராட்டுக்காகத்தான் நான் ஏணியில் சிரித்துக்கொண்டு நின்றேன். அது வந்துவிட்டது.

“அப்ப அவரு மேல தப்பில்லீங்களே?”

“அவன் படத்த மறைச்சான். அப்புறம் ஒன்ன மறைச்சான். ரெண்டு பொய்.”

என்னைக் காப்பாற்ற அண்ணன் சொன்னதை அவர் இரண்டாவது பொய்யாக எண்ணிவிட்டார். இருந்தாலும் நான் விடவில்லை.

“கறையும் படந்தான்னு சொன்னீங்களேம்மா.”

“ஆமா. நீ கறைய வெச்சிருந்தா நான் மாட்டியிருப்பேன்.”

இது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. சொன்னபோது அவர் அதை நம்பினார், அது மட்டும் தெரிந்தது.

“உங்களுக்குப் படம் போச்சுங்க. அவங்களுக்கு ஊடு போகுதுங்கம்மா. கொழந்த இருக்குதுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை.

“என் வீடும் போச்சு,” என்றார். “எல்லாம் போகும்.”

ஓர் இதழ் அவர் மடியில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று லயமே என்னைச் சொல்லும். திரும்பி நடந்து, இறக்கம் பாதி வந்த பிறகுதான் பதில் வந்தது. எல்லாம் போகும் என்பது சரி. ஆனால் அவருடையது போனதற்கு யாரும் அவருக்கு ஒரு வாரம் தவணை சொல்லவில்லை, அந்தத் தவணையைச் சொன்னவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அழவும் இல்லை. இதைப் போய்ச் சொல்லியிருக்கலாம். திரும்பி மேலே ஏறவில்லை. கேட்டுக்கு இரண்டாம் பூச்சு பாக்கி இருந்தது, மேஸ்திரி திட்டுவார் என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன அன்று பனி. சாந்தன்பாறையில் அண்ணியின் சொந்தக்காரர் ஏலக்காட்டில் இருந்தார். அங்கே கூலிக்கு ஆள் எடுப்பார்கள், இருக்க ஒரு சாக்குக் கொட்டகை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரியில் சாமானை ஏற்றினோம். பிறந்ததிலிருந்து நாற்பது வருஷம் அந்த லயத்திலேயே இருந்த மனிதருக்கு ஏற்றச் சாமான் ஒரு கால் லாரிகூட இல்லை. அண்ணன் என் தோளைத் தட்டி, “வாறேம்லே பெயிண்டரு. நல்லாத்தாம்லே வரஞ்சே,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரியின் பின்னால் ஏறினார். அந்த ஒரு வாரமாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் போட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்.

“என்ன தம்பி, சும்மா நிக்கீக? எங்க மேலயும் ஆளுக்கொரு எதழு வரஞ்சி விடுங்களேன். போறது தெரியாமப் போவோம்.”

என்னைவிடப் பெரிய கேலிக்காரி அவர் என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

லாரி வளைவு திரும்பியதும் மேஸ்திரி வந்தார். ஒரு குடும்பம் காலி செய்தால், அடுத்த குடும்பம் வருமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பது எஸ்டேட் வழக்கம். புது பட்லர் மறுநாளே வருகிறாராம். நான் போய்ச் சுண்ணாம்பு கரைத்தேன். அடுப்புப் புகை அடித்த சுவரை முதலில் அடித்தேன். குழந்தை கரித்துண்டால் கிறுக்கியிருந்த இடத்தை அடித்தேன். நான் படுக்கும் மூலையையும் அடித்தேன். எல்லாம் ஒரே பூச்சில் போய்விட்டன. ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் போகவில்லை. வேலை முடிந்து வந்து அண்ணி தலை சாய்த்து உட்காரும் இடம். வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் இறங்கியிருந்தது. எண்ணெயில் சுண்ணாம்பு பிடிக்காது. மூன்று தடவை அடித்தேன். காயக் காய மறுபடியும் மஞ்சளாக, ஒரு தலை அளவுக்கு, மேலே வந்தது.

மறுநாள் புதுக் குடும்பம் வந்தது. அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

“இது என்ன தம்பி, வெள்ள அடிச்சும் போகல? முந்தி ஆரு இருந்தாவ?”

வாளியைக் கழுவிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை.

“தெரியாதுங்கக்கா. நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசுங்க.”

அவர் தன் தகரப் பெட்டியை இழுத்து, அந்த இடத்துக்கு நேராகச் சுவரோடு ஒட்டி வைத்தார்.